அய்யப்பன் குடிக்கல

மார்கழி, தை மாதங்களில் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மோட்டார் சைக்கிள்களைக் கவனித்தால், பாதி வண்டிகளின் கைப்பிடியில் கறுப்பு ரெக்சின் உறை மாட்டியிருப்பது தெரியும். கையை உள்ளே விட்டுக்கொண்டு ஓட்டலாம். குளிரும் சாரலும் விரலைத் தொடாது. அந்த உறைகளில் வெள்ளை நூலால் எழுத்து தைத்திருக்கும். ஓட்டுகிறவரின் வலது கை உறையில் "அய்யப்பன் குடிக்கல" என்றும், இடது கை உறையில் "கை வெறச்சிப்போச்சி" என்றும். அருவி பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் டீக்கடையில் நிறுத்தி, இது என்ன கம்பெனி பேரா என்று கேட்பார்கள். என் வண்டியிலும் அந்த உறை இருப்பதால் என்னிடமே பலமுறை கேட்டிருக்கிறார்கள். நான் காலையில் பேப்பர் கட்டும் கூரியரும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவன். நின்று சொல்ல நேரம் இருக்காது. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அதைத் தைத்தவள் இசைவாணி. அய்யப்பனின் மனைவி.

இசைவாணியின் அப்பா அம்மா கரும்பு வெட்டுகிறவர்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் கிடையாது. சர்க்கரை மில் திறந்தால் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய்க் கரும்புக் கொல்லையிலேயே குடிசை போட்டுத் தங்குவார்கள். எட்டாவதோடு அவள் படிப்பு நின்றது. கரும்புச் சோகை கிழித்துக் கிழித்துக் கையெல்லாம் கோடாய்ப் போன அம்மாவைப் பார்த்தவள், அரிவாளைத் தொடமாட்டேன் என்று பிடிவாதமாகக் கள்ளக்குறிச்சியில் ஒரு சீட் கவர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரிய மிஷின், தடித்த ஊசி. லாரி சீட், டிராக்டர் சீட், பைக் சீட் எல்லாம் தைப்பாள். அந்தக் கடையில் அவளைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் ஆண்கள். இரண்டு வருஷத்தில் அவர்களைவிட நேராகத் தையல் போட்டாள்.

அய்யப்பனைக் கட்டிக்கொண்டபோது அவன் லோடு ஏற்றும் வேலையில் இருந்தான். குடிப்பான். எங்கள் மலைப் பக்கத்தில் அது புதிதில்லை. நானும் அவனும் சேர்ந்தே குடித்திருக்கிறோம். ஒருநாள் மூன்று வயது மகள் தனுஷா, வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் முன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அப்பா நாத்தம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து தொடவில்லை. எவ்வளவோ பேர் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன். ஏழு வருஷம் ஒரு சொட்டு இல்லாமல் இருந்தான். ஊரில் அவனுக்கென்று இருந்த மரியாதை அந்த ஏழு வருஷம்தான்.

குடியை விட்ட பிறகுதான் கச்சிராயபாளையம் கடைத்தெருவில் இருக்கும் தீனதயாளன் பேக்கரியில் லைன் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. பைக்கின் பின்னால் நாலு ட்ரே கட்டி, பன், ரொட்டி, ரஸ்க், வர்க்கி அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, விடியும் முன் கிளம்பிப் பரிகம் வழியாக மலை ஏற வேண்டும். கரியாலூர், வெள்ளிமலை, அதற்கப்பால் இன்னாடு வரை கடைகளுக்குப் போட்டுவிட்டு மதியம் இறங்கலாம்.

குளிர் காலத்தில் அந்த ஏற்றத்தில் கைகள் படும் பாடு ஓட்டினவனுக்குத்தான் தெரியும். உடம்புக்கு ஸ்வெட்டர் போடலாம், தலைக்கு மங்கி குல்லா போடலாம். கை மட்டும் காற்றுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். துணி கிளவுஸ் சாரலில் நனைந்தால் வெறுங்கையைவிட மோசம். சிலர் கிளவுஸுக்கு மேல் பாலித்தீன் பை கட்டிக்கொள்வோம். பை வழுக்கும். வளைவுக்கு வளைவு நிறுத்தி இன்ஜினில் கையை ஒட்டிச் சூடு ஏற்றிக்கொண்டு போவோம். விரல் முதலில் வலிக்கும். பிறகு எரியும். பிறகு ஒன்றுமே தெரியாது. அந்த ஒன்றும் தெரியாத நிலைதான் ஆபத்து. பிரேக்கை மடக்கச் சொன்னால் விரல் கேட்காது.

2021 மார்கழி. அன்றைக்கு அய்யப்பன் பரிகம் வந்ததும் நின்று முதலாளிக்குப் போன் போட்டான். அதை அவனே பிறகு என்னிடம் சொன்னான்.

"மொதலாளி, சாரல் ஜாஸ்தியா கீது. கை வெறச்சிப்போச்சி, பிரேக்கு புடிக்க முடியல. அரை மணி நேரம் நின்னு, வெளிச்சம் வந்ததும் ஏர்றேன்."

தீனதயாளன் சொன்னது இது: "ஏழு மணி பஸ்ல அடுத்த கடை பன்னு ஏறிப்பூடும். கை வெறைக்குதாம் கை. ஏறுனா ஏறு, இல்லன்னா ட்ரேயை அங்கியே எறக்கி வெச்சிட்டு வூட்டுக்குப் போ. நாளையிலேர்ந்து வராத."

அய்யப்பன் ஏறினான். ஆறாவது வளைவில் எதிரே ஜீப் வெளிச்சம் வந்தது. பிரேக்கைப் பிடித்தான், விரல் மடங்கவில்லை. வண்டி பாறைப் பக்கத்துச் சாக்கடையில் இறங்கிக் கவிழ்ந்தது. நான் இருபது நிமிஷம் பின்னால் வந்தேன். வழியெல்லாம் பன் நனைந்து ஊறிக் கிடந்தது. அவன் வலது கை பிரேக் கம்பிக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டியிருந்தது. கால் வண்டிக்கு அடியில். "பழனி, கை வலிக்கவே இல்லடா" என்றான். அவ்வளவு விறைத்திருந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். காலில் கம்பி வைத்தார்கள். நாங்கள் வராந்தாவில் நிற்கும்போது தீனதயாளன் வெள்ளைச் சட்டையில் வந்தார். அங்கே அய்யப்பனின் அண்ணன் இருந்தான், இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அவர் பேச ஆரம்பித்தார்.

"காலையிலேயே ஏத்திக்கினு போயிருக்கான். நானு எத்தினி வாட்டி சொன்னேன். வுட்டுட்டேன்னு சொல்லிக்கினு திருட்டுத்தனமா அடிக்கிறவன். என் வண்டியும் போச்சி, என் பேரும் போச்சி."

நான் பொறுக்காமல், "அண்ணே, நான் தூக்குனவன். அவன் மேல வாசனை இல்ல" என்றேன்.

"நீ அவன் கூட குடிச்சவன்தானடா" என்றார்.

அதற்கு மேல் என் பேச்சு எடுபடவில்லை. ஏழு வருஷத்தை ஒரே வரியில் அழித்துவிட்டார். கேட்டவர்கள் எல்லாம், அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினார்கள். அண்ணனும்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உள்ளே வார்டில் நடந்தது. இசைவாணி கடையிலிருந்து ஓடி வந்தவள், வராந்தாவில் தீனதயாளன் சொன்னதைக் கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். கட்டிலில் கிடந்த புருஷனின் முகத்துக்கு அருகே குனிந்தாள். அழுகிறாள் என்று நர்ஸ் நினைத்திருப்பாள். அவள் அவன் வாயை மோந்து பார்த்தாள். அவன் கண்ணைத் திறந்துதான் இருந்தான்.

பதினோரு நாள் அவன் அவளிடம் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் கஞ்சி ஊட்டும்போது கேட்டான்.

"இன்னா வாசனை வந்துச்சி?"

அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். "அன்னிக்குதான் அந்தாளு மேல எனக்கு வெறி புடிச்சிதுண்ணா" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். "கை போனதுக்குக்கூட இல்ல. என்னை அப்படி மோந்து பாக்க வெச்சான் பாரு, அதுக்கு."

முதலில் அவள் நேராகப் பேக்கரிக்குப் போனாள். மாலை நேரம், கூட்டம். வாசலில் நின்று கத்தினாள். "போன்ல இன்னா சொன்னேன்னு இங்க சொல்லு" என்று கத்தினாள். தீனதயாளன் கல்லாவிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. வேலைக்காரனிடம், "அந்தம்மாவுக்கு ஒரு டீ குடுத்து அனுப்பு" என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கேக் வாங்க வந்த ஒரு பெண், "குடிகாரன் பொண்டாட்டி, பாவம்" என்றாள். அந்தப் 'பாவம்'தான் அவளைத் திருப்பி அனுப்பியது.

அதன் பிறகு அவள் கத்தவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியாகக் கேட்பாள். கை எந்த இடத்தில் விறைக்க ஆரம்பிக்கும்? முதலில் எந்த விரல்? நனைந்தால் எப்படி, நனையாவிட்டால் எப்படி? நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருநாள் என் வண்டியைக் கடையில் விட்டுப் போகச் சொன்னாள். சாயங்காலம் வந்தபோது கைப்பிடிகளில் இரண்டு கறுப்புப் பைகள் தொங்கின. வெளியே ரெக்சின், உள்ளே பழைய கம்பளி.

முதல் உறை உதவவில்லை. வேகம் எடுத்ததும் காற்றில் அமுங்கி கிளட்சை அழுத்திவிட்டது. ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் நான் பின்னால் உருளப் பார்த்தேன். திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன். அவள் கோபப்படவில்லை. உடைந்த பிளாஸ்டிக் குடத்தின் வாயை வளையமாக அறுத்து உறைக்குள் வைத்துத் தைத்தாள். இப்போது அமுங்கவில்லை. ஆனால் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கியது. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் தையல் மேலெல்லாம் தடவினாள். வாயை அகலமாக வெட்டினாள். "வுழுந்தா கை தானா வெளிய வந்துரணும்" என்றாள். நாலாவது உறைதான் சரியாக வந்தது.

அதைச் சோதிக்க என் வண்டியில் ஏறிக்கொண்டாள். எனக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையை வெறுமையாக என் இடுப்புப் பக்கமாக முன்னே நீட்டிக் காற்றில் பிடித்தாள். இன்னொரு கைக்குத் தனியாகத் தைத்த உறை. தை மாதக் காலை, நல்ல சாரல். வெள்ளிமலையில் இறங்கியதும் இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தாள். உறைக்குள் இருந்த கை உலர்ந்து சிவப்பாக இருந்தது. மற்றது வெளுத்துப்போய், விரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கி நின்றன. அந்தக் கையால் சேலை முந்தானையைப் பிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து அழுதாள். நான் பேப்பர் கட்டை அவிழ்க்கிற சாக்கில் அப்பால் போய்விட்டேன்.

கீழே இறங்கிய பிறகுதான் எழுத்து தைக்கிற யோசனை வந்தது. ரெக்சினில் தமிழ் எழுத்து தைப்பது லேசில்லை. வளைவு வளைவாகத் திருப்ப வேண்டும், ஊசி உடையும். 'ய்ய'வுக்கே இரண்டு ஊசி போயிற்று என்றாள். எந்தக் கையில் எது வரவேண்டும் என்றுகூட யோசித்திருந்தாள். "எதிர்ல வர்றவனுக்கு உன் வலது கைதாண்ணா மொதல்ல படிக்க வரும். அங்கதான் அவரு பேரு இருக்கணும்."

"அந்தாளு பேரை ஏம்மா போடல?" என்றேன்.

"எதுக்குப் போடணும்? யாருன்னு கேப்பாங்க இல்ல. கேட்டா நீங்க சொல்லுவீங்க."

அப்படித்தான் நடந்தது. அடுத்த மழைக்காலம் தொடங்கியதும் முட்டை வண்டிக்காரன் கேட்டான். பிஸ்கட் ஏஜென்சி ஆள் கேட்டான். இன்னாட்டுக்குப் போகிற நர்ஸம்மா ஸ்கூட்டிக்குக் கேட்டாள். எல்லாருக்கும் தைத்துக் கொடுத்தாள். கடை வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து தைப்பாள். ஒரு வாத்தியார் மட்டும், "எழுத்து இல்லாம ஒண்ணு குடும்மா, ஸ்கூலுக்குப் போறவன்" என்றார்.

"எழுத்து வேணாம்னா கவரும் இல்லைங்க சார்."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். கார்த்திகையில் நாலு நாள் பனி இறங்கியதும் திரும்பி வந்து எழுத்தோடு வாங்கிக்கொண்டார்.

மலையில் கடைக்குக் கடை கேள்வி எழுந்தது. யார் அய்யப்பன்? ஏன் குடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது? நாங்கள் சொன்னோம். பரிகத்திலிருந்து போட்ட போனையும் சொன்னோம். ஏழு வருஷத்தையும் சொன்னோம். வெள்ளிமலையில் டீக்கடை வைத்திருக்கும் ஆயம்மாள், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எங்களைவிட நன்றாகச் சொன்னாள்.

தீனதயாளனுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் பொருட்படுத்தாதவர் போல இருந்தார். அவர் கடையில் அய்யப்பன் இடத்துக்கு வந்த அஜித், ஒருநாள் அந்த உறையை மாட்டிக்கொண்டு பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தினான். அன்றுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ரொட்டி வெட்டுகிற கத்தியை எடுத்து வந்து எல்லார் முன்னிலையிலும் இரண்டு உறைகளையும் அறுத்துச் சாக்கடையில் போட்டார்.

"என் கடை வாசல்ல என்னையே திட்டிக்கினு நிப்பியா?"

"மொதலாளி, அதுல உங்க பேரே இல்லையே" என்றான் அஜித்.

அவன் அன்றைக்கு வெறுங்கையோடு மலை ஏறினான். மதியம் இறங்கி வந்து சாவியைக் கல்லாவில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் அந்தக் கடையின் மற்ற இரண்டு லைன் வண்டிக்காரர்களும் வரவில்லை. மார்கழி முதல் வாரம் அது. நாலு நாளுக்கு அந்தப் பேக்கரியின் ஒரு பன்கூட மலை ஏறவில்லை. கடைக்காரர்கள் பஸ்ஸில் வருகிற சரக்குக்கு மாறத் தொடங்கினார்கள்.

ஐந்தாம் நாள் தீனதயாளன் இசைவாணி வேலை செய்யும் கடைக்கு வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். அவள் மிஷினை நிறுத்தவில்லை. அவர் நின்றுகொண்டே பேசினார்.

"மூணு ஜோடி தச்சிக் குடும்மா. எழுத்து மட்டும் வேணாம்."

"எழுத்து இல்லாம தைக்கிறதில்லைங்க."

"நடந்தது நடந்துபோச்சி. பழசையே புடிச்சிக்கினு இருந்தா இன்னா பண்றது? வேணும்னா அவனை வரச் சொல்லு, கடையில உக்கார வெச்சிக்கிறேன்."

"அவரு வரமாட்டாருங்க."

"அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற?"

மிஷின் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கேள்விக்காக அவள் ஒரு வருஷம் காத்திருந்திருக்கிறாள் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

"ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நீங்க ஏறுங்க. அதே நேரம், அதே நாலு ட்ரே. கையில ஒண்ணும் மாட்டக் கூடாது. வெள்ளிமலை வரைக்கும். கை வெறைக்கலைன்னா நானு தச்ச எல்லாத்தையும் நானே அறுத்துப் போட்டுர்றேன்."

கடையில் இருந்த நாலைந்து பேர் அவரைப் பார்த்தார்கள். அவருக்கு ஐம்பது வயது. சின்ன வயதில் அவரே லைன் வண்டி ஓட்டி முன்னுக்கு வந்தவர். அந்தப் பெருமை அவரை மாட்டிவிட்டது.

"நானு ஏறாத மலையா? நாளைக்கே ஏர்றேன்."

அன்று சாயங்காலம் அவளிடம், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "வயசான ஆளு. வுழுந்துட்டா நம்ம தலையில விழும்" என்றேன்.

"வுழணும்னுதாண்ணா சாமிகிட்ட கேட்டுக்கினு இருக்கேன்" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். "நீ வரலன்னா சொல்லு, நானு நடந்து வர்றேன்."

மறுநாள் விடியலில் கோமுகி அணைப் பக்கம் வரும்போதே பனி கண்ணை மறைத்தது. பரிகம் தாண்டியதும் சாரல். தீனதயாளன் முன்னால் ட்ரே கட்டிய வண்டியில். பின்னால் நான், எனக்குப் பின்னால் இசைவாணி. என் கைகள் உறைக்குள் சூடாக இருந்தன. அவர் கைகள் வெறுமையாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது எனக்கு அருவருப்பாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் அப்படி நினைக்கவில்லை. என் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது வளைவில் அவர் ஒரு கையைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டார். மூன்றாவதில் கையை மாற்றினார். ஐந்தாவது வளைவில் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினில் இரண்டு கையையும் ஒட்டவைத்துக்கொண்டு குனிந்து நின்றார். வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு வந்தது. இசைவாணி இறங்கி அவரிடம் போனாள். அவள் தோளில் துணிப்பை. அதற்குள் ஒரு ஜோடி புது உறை இருந்தது, வெளியே தெரிகிற மாதிரி.

அவர் அதைப் பார்த்தார். "அதைக் குடும்மா" என்றார். "ஏறிடறேன். அதை மட்டும் குடு."

"அரை மணி நேரம் நின்னு போறீங்களா?"

"ஆமாம்மா. வெளிச்சம் வரட்டும்."

"ஏழு மணி பஸ்ல அடுத்த கடை பன்னு ஏறிப்பூடும்" என்றாள் இசைவாணி. "ஏறுனா ஏறு. இல்லன்னா ட்ரேயை இங்கியே எறக்கி வெச்சிட்டு வூட்டுக்குப் போ."

அவருக்கு அது யார் சொன்ன வார்த்தை என்று புரிந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அடுத்த வளைவு ஆறாவது வளைவு. அவர் முதல் கியரில், இரண்டு காலையும் ரோட்டில் தேய்த்துக்கொண்டே அதைக் கடந்தார். அதற்கு மேல் வெள்ளிமலை வரைக்கும் அப்படித்தான் போனார். ஒரு இடத்தில் வண்டி சாய்ந்து கடைசி ட்ரே சரிந்தது. நான் இறங்கப் போனேன். இசைவாணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஆயம்மாள் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தியபோது அவரால் கைப்பிடியை விட முடியவில்லை. விரல்கள் அதிலேயே மடங்கி நின்றன. ஆயம்மாள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். டீ கிளாஸை அவர் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்தாள். கிளாஸ் நழுவி விழுந்து சட்டையெல்லாம் டீ. அந்த நேரம் பார்த்து ஏழு மணி பஸ் வந்து நின்றது. இறங்கினவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"சொல்லுங்க" என்றாள் இசைவாணி.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல."

"அய்யப்பன் குடிக்கல."

"பஸ்ஸுக்குள்ள இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

அவர் தலையை நிமிர்த்தினார். கண் சிவந்திருந்தது, குளிராலா வேறு எதனாலா தெரியவில்லை. "அய்யப்பன் அன்னிக்குக் குடிக்கல. கை வெறச்சிப்போச்சின்னு எனக்குப் போன் பண்ணான். நான்தான் ஏறுன்னு சொன்னேன். குடிச்சான்னு சொன்னது பொய்யி."

யாரும் கை தட்டவில்லை. கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றார். பஸ்ஸிலிருந்து யாரோ போனில் எடுத்திருக்கிறார்கள். மதியத்துக்குள் அது சங்கராபுரம் வரைக்கும் போய்விட்டது.

இறங்கி வரும்போது, பரிகம் வந்த பிறகு கேட்டேன், மனசு ஆறியதா என்று.

"நல்லா இருந்துச்சிண்ணா. பொய் சொல்லமாட்டேன். அந்த கிளாஸ் வுழுந்தப்போ எனக்கு அவ்ளோ நல்லா இருந்துச்சி." கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தாளு வாயால ஊரு முன்னாடி சொல்லிட்டான். நானு மோந்து பாத்ததை எந்த பஸ்ஸு முன்னாடி நின்னு சொல்றது?" என்றாள்.

வீட்டில் அய்யப்பன் தனுஷாவின் போனில் அதற்குள் வீடியோவைப் பார்த்துவிட்டிருந்தான். எங்களைக் கண்டதும் அவன் முதலில் கேட்டது, "அந்தாளு கை சரியாப்போச்சா?"

இசைவாணிக்கு வந்ததே கோபம். "உனக்கு அவன் கைதான் முக்கியமா?" என்று துணிப்பையை வீசி எறிந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் மோந்து பார்த்ததைப் பற்றி அவனிடம் மன்னிப்பு கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவன் இப்போது பழையபடி அவளிடம் பேசுகிறான்.

தீனதயாளன் ஒன்றும் அழிந்துபோகவில்லை. அஜித் திரும்பிப் போகவில்லை, மற்றவர்களும் போகவில்லை. அவர் ஒரு சின்ன வேன் வாங்கிவிட்டார். கண்ணாடி ஏற்றிக்கொண்டு, டிரைவர் பாட்டு கேட்டுக்கொண்டே மலைக்குப் பன் கொண்டு போகிறான். ஒருமுறை அந்த டிரைவர் ஸ்டியரிங்குக்கு ரெக்சின் உறை தைக்க இசைவாணியிடம் வந்தான். யார் வண்டி என்று கேட்டுக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டாள். அவரே சொல்லிவிட்டாரே, இனி எழுத்து எதற்கு என்று பலபேர் அவளிடம் கேட்டுப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. பழைய உறை கிழிந்து புதிது கேட்டு வருகிறவர்களுக்கும் அதே எழுத்தைத்தான் தைக்கிறாள்.

போன ஆடி மாதம் அய்யப்பன் மறுபடி வண்டி எடுத்தான். மூன்று விரல்களால் முன் பிரேக்கைப் பிடிக்கப் பழகிவிட்டான். பரிகத்தில் அக்கா வீட்டுக்குப் போய் வர ஆரம்பித்தான். அவனுக்கு மட்டும் எழுத்து இல்லாத உறை தைத்துக் கொடுத்திருக்கிறாள், அவனே கேட்டுக்கொண்டதால். தன் பேரைத் தானே சுமந்துகொண்டு போகக் கூச்சமாக இருக்கிறது என்றான். பரிகத்துக்குப் போக இரண்டு வழி இருக்கிறது. பேக்கரி இருக்கிற கடைத்தெரு வேண்டாம், பின் ரோட்டில் போ என்று நான் சொன்னேன். எதற்கு வீணாக அவர் கண்ணில் படுவது?

"சரிடா" என்றான்.

அவன் பின் ரோட்டில் போவதே இல்லை. ஒவ்வொரு முறையும் கடைத்தெரு வழியாகத்தான் போகிறான். பேக்கரிக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, வழியில் மாடும் ஆளும் இல்லாதபோதும், இடது கட்டைவிரலால் ஒரு நீளமான ஹாரன் அடிக்கிறான். கல்லாவில் இருக்கிறவர் தலையை நிமிர்த்திப் பார்க்கும் வரைக்கும் அடிக்கிறான்.